இருபது பல் சக்கரமும் அரை டம்ளர் தேங்காய் எண்ணெயும்

என் ஜமீலா அக்காவுக்கு,

நம் சைக்கிள் ஓடிவிட்டது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இன்று காலை ஏழு மைலையும் கடந்து, முதல் மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே இண்டூர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன்.

நம் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகையின் பொங்கல் இதழில் உன்னைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் ஹெட்மாஸ்டர். உட்கார்ந்து பார்த்தேன். உன்னைப் பற்றி என்று தொடங்கினாலே நீ செத்துப்போனவளாகிவிடுகிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும். உன் ரகசியங்களை மட்டும் விட்டுவிடுகிறேன், பயப்படாதே.

நீ ஐந்து நாள் காய்ச்சலில் கிளம்பிப் போனாயே, அந்த ஆடிக்குப் பிறகு உன் மகள் ஷகிலாவை நான்தான் எட்டு மணி பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாம் இரண்டு பேரும் டீச்சர்களாக உட்கார்ந்து வம்பளந்த அதே சீட்டுதான். ஜன்னலோரம் உன் இடத்தில் அவள் உட்காருவாள். ஆறாம் வகுப்பில் உன் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன், தெரியுமா? அவள் என் வகுப்புப் பிள்ளை.

கார்த்திகை பிறந்ததும் பஸ்ஸின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். எட்டு மணி வண்டி இப்போது பத்து மணிக்கு வருகிறது. பள்ளிக்கூடமோ ஒன்பதரைக்கு. நம் ஊரிலிருந்து இரண்டு வாரம் நடந்தே போனோம். இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பி, காதைத் துண்டால் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த ராகிக் காட்டு ஓரமாக ஏழு மைல். பதினோரு வயதுக் குழந்தை எத்தனை நாள் தாங்கும்? நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாள். எனக்கும் மூன்று நாள் தாமதமாகி, ஹெட்மாஸ்டர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்துக்கொண்டு மேலே விட்டத்தைப் பார்த்தார். அவர் விட்டத்தைப் பார்த்தால் அடுத்தது மெமோதான் என்று உனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரர் சத்தார் பாய் ஒரு நாள் பட்டறையில் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசிக்கொண்டே என்னிடம் முடிவைச் சொல்லிவிட்டார்.

"அஞ்சாங்கிளாஸ் முடிச்சிருக்கா, போதுங்க டீச்சர். அரைப்பரீட்சை லீவு முடிஞ்சா வாணியம்பாடில எங்க அக்கா வூட்டுல வுட்டுர்றேன். பீடி சுத்தப் பழகிக்குவா. வயசுப்புள்ளைய தனியா வூட்டுல வுட்டுட்டு நான் பட்டறையில எப்பிடிங்க உக்கார்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அண்டாவைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சண்டை போட மனசு வரவில்லை, அக்கா. நீ போனதிலிருந்து அந்த மனிதர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. லீவு முடிவதற்குள் ஒரு வழி பண்ணுகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்று தலையாட்டினார். என்ன வழி என்று எனக்கே தெரியாது.

அந்த வழியை நீதான் எழுதி வைத்திருந்தாய். உன் பாடக்குறிப்பு நோட்டை வீட்டில் சேர்க்கச் சொல்லி ஹெட்மாஸ்டர் என்னிடம் கொடுத்து மாதக்கணக்கில் ஆகிறது. சேர்க்க மனசில்லாமல் நானே வைத்திருந்தேன். பரீட்சை விடைத்தாள் திருத்தும்போது எதற்கோ அதைப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் "சைக்கிள்" என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு வேறு. பஸ் ஜன்னலில் தலையை நீட்டி மேடுகளை எண்ணிக்கொண்டு வருவாயே, "இந்த பஸ்ஸ நம்பி எத்தன நாளு புள்ள, ஒரு சைக்கிள் கட்டிப்புடலாம்" என்பாயே, நான் விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றல்லவா நினைத்தேன்! நீ பாட்டுக்கு ஒவ்வொரு உறுப்பாக யோசித்து எழுதி வைத்திருக்கிறாய்.

புது லேடீஸ் சைக்கிள் நமக்கு எட்டாது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். எனக்குத்தான் நப்பாசை விடவில்லை. தர்மபுரியில் ஒரு கடையில் போய் விலை கேட்டேன். கேட்டுவிட்டு மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு உன் வழியிலேயே இறங்கினேன். பழைய ஆண்கள் சைக்கிள் ஃபிரேம், இருபத்திரண்டு இஞ்சு. இருபத்துநாலு வேண்டாம், கமலா குள்ளம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய், அதை நான் மன்னித்துவிட்டேன். பால்காரர் ஒருவர் கோழிக்கூண்டு மேல் போட்டு வைத்திருந்த ஃபிரேம் கிடைத்தது. துரு இருந்தது, கோழி எச்சம் அதைவிட இருந்தது, ஆனால் தட்டிப் பார்த்தால் கணீர் என்றது. சக்கரங்கள் இரண்டும் பழசு. முன் டயர் பழசு போதும், பின் டயர் மட்டும் கட்டாயம் புதுசு, சுமை பின்னால்தான் என்று எழுதியிருந்தாய். டைனமோ விளக்கு வேண்டாம், மிதிக்க இழுக்கும், விடிந்த பிறகுதானே போகிறோம் என்றும் எழுதியிருந்தாய். பனி மூட்டத்தில் எதிரே வருகிறவனுக்குத் தெரிய மணி ஒன்று உரக்க இருந்தால் சரி. மணி மட்டும் புதுசாக வாங்கினேன். நான் அடித்துப் பார்த்த அதே மணி.

கேரியர் என்ற இடத்தில் நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் நோட்டை மூடிவிட்டேன். "கனமான கேரியர். கமலாவைத் தாங்க வேண்டும்." அவ்வளவுதான். நீ ஓட்டி, என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவதாக இருந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

பல் சக்கர விஷயத்தில் தர்மபுரி கடைக்காரருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். பின் சக்கரத்தில் மாட்டும் ஃபிரீவீலுக்கு எல்லா வண்டியிலும் பதினெட்டுப் பல்தான் போடுவார்கள். நீ இருபது என்று எழுதி மூன்று தடவை சுழித்திருந்தாய். பல் கூடினால் மேடு ஏறக் கால் நோகாது, சமதரையில் மட்டும் வேகம் கொஞ்சம் குறையும். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளைங்க ஓட்டற வண்டிக்கு எதுக்குங்க இருபது? வழக்கமில்லீங்களே" என்றார். எங்கள் ரோட்டில் மூன்று மேடு இருக்கிறது, நீங்கள் வந்து தள்ளுவீர்களா என்று கேட்டேன். மனிதர் எழுந்து போய் உள்ளே பழைய டப்பாவைக் கொட்டித் தேடி, யாரோ கழற்றிப் போட்ட இருபது பல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். இருபதும் இருந்தது. நம் ஹெட்மாஸ்டருக்கே அத்தனை இல்லை. இந்த வரியை அவர் படிக்கும் அன்று நான் லீவு போட்டுவிடுவேன்.

ஃபிரேமின் மேல் பாரை வெட்டித் தாழ்வாக ஒட்ட வேண்டும், அப்போதுதான் புடவையோடு ஏறி உட்கார முடியும். அதற்கு நீ எழுதியிருந்தது: "அவரிடம்தான் கேட்க வேண்டும். நல்ல நேரம் பார்த்து." எனக்கு எது நல்ல நேரம் என்று எப்படித் தெரியும்? ஒரு மத்தியானம் ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போய் அவர் முன்னால் வைத்தேன். இதில் ஷகிலாவைக் கூட்டிப் போகிறேன் என்றேன். இந்த வேலை எல்லாம் ஆகாது, டீச்சர் விழுந்தால் பிள்ளையும் விழும் என்றார். நான் உன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அண்டாவின் மேல் வைத்தேன்.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தாரா, கையெழுத்தை மட்டும் பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு ரம்பத்தை எடுத்தார். பாரை வெட்டி, சாய்த்து வைத்து, துருத்தி ஊதி, பித்தளையும் வெங்காரப் பொடியும் போட்டு ஒட்டினார். அக்கா, அந்த ஒட்டை நீ பார்க்க வேண்டும். பொன் மோதிரம் போட்ட மாதிரி இரண்டு பக்கமும் மினுங்கியது. பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாலு நாளில் சக்கரம், செயின், கேரியர் என்று ஒவ்வொன்றாக அவரே மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனால் எங்கள் வீட்டுக்காரர், விழுந்தால் எந்தப் பக்கம் விழுவதாக உத்தேசம் என்று கேலி செய்வார். நான் காதில் வாங்கவில்லை. சின்ன வயசில் எங்கள் அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவள்தானே நான். ஒரு சாயங்காலம் ஏரிக்கரையில் உருட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை கருவேல முள்ளில் சாய்ந்தேன், மூன்றாவது தடவை கால் பழசை எல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டது.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். உன் பட்டியலின் கடைசி வரி, "பனிக்கு முன்னால் கட்டாயம் ஓவராயில்." பழைய ஃபிரீவீலைக் கொடுக்கும்போது கடைக்காரரும் ஓவராயில் பண்ணிப் போடச் சொன்னார். நான் தமிழ் டீச்சர், பதம் பிரிக்கத் தெரியாதா? ஓவர், ஆயில். எண்ணெய் தாராளமாக ஊற்ற வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். தையல் மிஷின் எண்ணெய் பாட்டிலில் நாலு சொட்டுதான் இருந்தது. சமையலறையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. அரை டம்ளர் ஊற்றினேன். ஃபிரீவீலுக்குள், செயினில், பெடலில், கை பட்ட இடமெல்லாம். சத்தார் பாயிடம் சொல்லவில்லை, என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்த பெருமை எனக்கு.

மறுநாள் காலை ஆறரைக்கு வெள்ளோட்டம். புகை மாதிரி பனி. சத்தார் பாய் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார், ஷகிலா பட்டறை வாசலில். நான் ஏறி உட்கார்ந்து ஓர் அழுத்து அழுத்தினேன். பெடல் சுற்றியது, சக்கரம் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். வெறும் காற்றை மிதிப்பது போல் கால் தன் பாட்டுக்குச் சுற்றுகிறது, வண்டி அசையாமல் நிற்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மத்தியானம் அவரே எடுத்து மிதித்துப் பார்த்தார், ஓடியது! ஊரைச் சுற்றி வந்தார். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை, பெடல் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. மத்தியானம் ஓடுகிறது. மூன்றாம் நாளும் அப்படியே. பேய் பிடித்த வண்டி என்று பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். பழைய ஃபிரீவீல் கெட்டது, பதினெட்டுப் பல்லே புதுசாகப் போட்டிருக்கலாம் என்று சத்தார் பாய் முணுமுணுத்தார். பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள்தான் இருந்தது. அவர் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"காலையில ஓடாத வண்டி பள்ளிக்கூடத்துக்கு எதுக்குங்க டீச்சர்?"

உள்ளே ஷகிலாவின் துணிகளை மடித்து ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். நான் அதைப் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். அன்றைக்கு உன்மேல்கூடக் கோபம் வந்தது அக்கா. எல்லாவற்றையும் எழுதத் தெரிந்தவளுக்கு இப்படி ஆனால் என்ன செய்வது என்று எழுதத் தெரியாதா?

மறுநாள் காலை ஷகிலா வழக்கம்போல் தலை பின்னிக்கொள்ள வந்தாள். நீ போனதிலிருந்து நான்தான் பின்னிவிடுகிறேன். கையில் உன் எண்ணெய்ப் பாட்டில். மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. தட்டினாள். அப்படியே வெள்ளையாக, கல் மாதிரி நிற்கிறது.

"ஒறஞ்சு போச்சு சின்னம்மா. மார்கழில இது இப்பிடித்தான், அடுப்புல காட்டணும்" என்றாள்.

நான் அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன். நான் சைக்கிளுக்கு ஊற்றியதும் அடுப்பில் காட்டி உருக்கித்தான் அக்கா! உருக்கும்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? ஃபிரீவீலுக்குள் நாக்கு மாதிரி இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள் உண்டு, அவை எழுந்து பல்லைப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். பனியில் எண்ணெய் உறைந்து அவற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. வெயில் ஏறினால் உருகி விட்டுவிடும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

பாதி பின்னிய தலையோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். சத்தார் பாய் என்னைப் பார்த்தார், குனிந்து ஃபிரீவீலை மோந்து பார்த்தார்.

"அதானே, மூணு நாளா வண்டிகிட்ட வந்தா தாளிக்கிற வாசம் அடிக்குதுன்னு பாத்தேன். ஓவராயில்னா எண்ணெய ஊத்தறதில்லீங்க டீச்சர், எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவி மறுபடி மாட்டறது."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை அவருக்கு. கம்பளி தோளிலிருந்து விழுந்தது, சம்மட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஷகிலா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் சிரித்தாள். உன் வீட்டில் அத்தனை மாதத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது, என் மடத்தனத்தால். நான் இன்னும் நாலு மடத்தனம் செய்யத் தயார்.

அன்று முழுக்க மூன்று பேரும் உட்கார்ந்து வண்டியைப் பிரித்தோம். மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே சுழலும் இரும்புக் குண்டுகளைத் துடைத்து, முறையாக கிரீஸ் வைத்து மாட்டினார். கடைசியில் அவராகவே ஒரு பழைய டியூபை வெட்டி ஹேண்டில்பார் இரும்பின் மேல் இழுத்து மாட்டிவிட்டார், பனியில் கை விறைக்காமல் இருக்க. அது உன் பட்டியலில் இல்லை. அது அவருடையது. மறுநாள் காலை ஆறரைக்கு அவரே ஏறி மிதித்துப் பார்த்தார். முதல் மிதியிலேயே பல் பிடித்தது. இறங்கி வந்து, தகரப்பெட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார்.

இன்று திறப்பு நாள். ஷகிலா கேரியரில், மடியில் பை, காதைச் சுற்றி உன் பச்சை மப்ளர். முதல் மேடு மிதிக்கலாம் என்று எழுதியிருந்தாய், மிதித்தேன். இரண்டாவதில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும் என்றாய், நின்றேன். மொச்சைக் காட்டு வாசனை மூக்கில் ஏற, பின்னால் உன் மகள் இருபது வரைக்கும் உரக்க எண்ணிக்கொண்டு வந்தாள், ஃபிரீவீலின் பல்லை எண்ணுகிறாளாம். மூன்றாவது, அந்தப் புளியமரத்து மேட்டுக்கு நீ எழுதியிருந்தது, "இறங்கித் தள்ளு. வெட்கப்படாதே." இறங்கினோம். எதிரே மாட்டுவண்டியில் வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வெட்கப்படவில்லை.

வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். உன் வழக்கப்படி அவள் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். சொந்தப் பிள்ளையைக் கடைசியில்தான் கூப்பிட வேண்டும் என்பாயே. ஷகிலா என்றேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள், மூச்சு வாங்க, கன்னமெல்லாம் பனி. நான் அந்தக் கட்டத்தில் டிக் போடக் கொஞ்ச நேரம் ஆனது. கண் மறைத்தது.

நீ ஓட்ட வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்தேன். நான் உட்கார வேண்டிய இடத்தில் உன் மகள். கணக்கு இப்படி மாறிப்போனதில் எனக்கு வருத்தம் தீராது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் பனி இறங்குவதற்கு முன்னால் இந்த வண்டிக்கு ஓவராயில் நடக்கும், மண்ணெண்ணெயில். அவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற வரைக்கும் ஒரு காலைகூடத் தவறாது. இரண்டொரு வருஷத்தில் அவள் கால் பெடலை எட்டிவிடும். அன்றைக்கு ஹேண்டில்பாரை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் ஏறிக்கொள்வேன். அந்தக் கேரியர் என்னைத் தாங்கும், நீதான் எழுதி வைத்திருக்கிறாயே.

கேரியரில் தன் முறைக்காகக் காத்திருக்கும்
உன் தங்கச்சி,
கமலா